செடேஷன்ல (மயக்க மருந்து குடுக்கறப்போ) பிபி, பல்ஸ் ஆட்டம் காட்டுன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க

குடியாத்தத்தான்:
போன மே மாசம், வேலூர் வெயில் தெரியும்ல. நைனாவுக்கு 67 வயசு, கொலனோஸ்கோபி, அதான் பெருங்குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டு பாக்கற டெஸ்ட். ராத்திரி பூரா பேதி மருந்து குடிச்சு பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமா அலைஞ்சு ஆளே வத்திப்போய்ட்டாரு, அப்படியே விடிகாலைல பஸ் ஏத்தி இட்டாந்தேன். கதவுல இருந்த சின்ன கண்ணாடி வழியா பாத்துகினு நின்னேன். பால் மாதிரி வெள்ளையா ஒரு மயக்க ஊசி, ப்ரோபோஃபால். உடனே கண்ணு சொருகிடுச்சு. கைல கட்டுன பட்டை உப்பி அடங்குச்சு, 132/84 இருந்தது 78/46னு காட்டுது, பல்ஸ் மட்டும் 62லயே நிக்குது. பல்ஸ் நல்லாத்தான இருக்குனு நான் இருக்கேன், உள்ள டாக்டரம்மா காலைத் தூக்கச் சொல்லி, சலைனை வேகமா விடச் சொல்லி, பிபி ஏத்தற எஃபெட்ரின் போட்டாங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல 104க்கு வந்துச்சு.

அப்புறம் வெளிய வந்து சொன்னாங்க, பல்ஸ் ஏறாம நின்னதுதான் விஷயமே. பிபி எறங்குனா கழுத்து ரத்தக்குழாய்லயும் இதயத்துலேர்ந்து கெளம்பற பெரிய குழாய்லயும் இருக்கற உணர்விங்க மூளைத்தண்டுக்கு சேதி சொல்லும், இதயம் வேகமா அடிக்கும், குழாய் இறுகும். நாம சட்டுனு எழுந்தா கீழ விழாம இருக்கறதே இதாலதான். ப்ரோபோஃபால் குழாயத் தளர விட்டுட்டு அந்த ரிஃப்ளெக்ஸையும் சேர்த்து மழுக்கிடுதாம். உடம்புல தண்ணியும் இல்ல, கேக்கணுமா.

"காலைல மாத்திரை எதனா போட்டாரா?"ன்னாங்க. இல்லவே இல்லன்னேன். நைனா முழிச்சதும் மெதுவா, "பஸ்ல வர்ச்சொல்ல போட்டேன்டா, ஒரு வாய் தண்ணிதான்" னாரு. பிபி மாத்திரை, டெல்மிசார்டான்! சாப்பிடக்கூடாதுன்னு மட்டும்தான் நான் சொல்லியிருந்தேன், மாத்திரையப் பத்தி டாக்டர்கிட்ட கேக்கவே இல்ல, தப்பு என்னுதுதான்.

வாலாஜா ஓடி டெக்னீஷியன்:
ஆபரேஷன் தியேட்டர்ல (ஓடி) நாங்க ப்ரோபோஃபால்ல பிபிக்கு பயப்படுவோம், டெக்ஸ்னு இன்னொரு மயக்க மருந்துல பல்ஸுக்கு. டெக்ஸ், முழுப்பேரு டெக்ஸ்மெடிடோமிடின், மூளைலேர்ந்து வர்ற சிம்பதெடிக் வேகத்தையே (இதயத்த வேகமா அடிக்க வெக்கற நரம்புத் தூண்டல்) கொறைக்கற மருந்து, ஆளு கூப்ட்டா முழிச்சு பதில் சொல்லிட்டு திரும்ப தூங்கிடுவாரு, பாக்கவே அழகா இருக்கும். ஆனா மொத டோஸ பத்து நிமிஷம் பொறுமையா விடணும். அவசரப்பட்டா முதல்ல பிபி ஏறும், பல்ஸ் கீழ போகும். ஒரு கபடி பையன், சாதாரணமாவே பல்ஸ் 52, டெக்ஸ் ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல 38. மருந்த நிறுத்திட்டு பல்ஸ் ஏத்தற அட்ரோபின் போட்டாங்க, ஏறிடுச்சு. அதுலேர்ந்து டெக்ஸ்னு சொன்னாலே அட்ரோபின சிரிஞ்சுல எடுத்து வெச்சுட்டுதான் மத்த வேலை.

பேர்ணாம்பட்டு அம்மா:
எங்க கதை தலைகீழ். பையன் கை ஒடச்சுகினு வந்தான், 6 வயசு, எலும்பு சேர்க்க கெட்டமின்னு ஒரு மயக்க மருந்து குடுத்தாங்க. கண்ணு தெறந்தே இருக்கு, முழி இப்டி அப்டி ஆடுது, பல்ஸ் 140க்கு மேல, நான் அழுதுட்டேன். அந்த மருந்து சிம்பதெடிக்க தூண்டி விடும்மா, பிபியும் பல்ஸும் ஏறத்தான் செய்யும்னு நர்ஸ் சொன்னாங்க. இத குடுக்கறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா என்னவாம்.

குடியாத்தத்தான்:
@வாலாஜா, அண்ணே, நைனாவுக்கு இன்னொரு தடவ பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. டெல்மிசார்டான அன்னிக்கு காலைல விட்டுடச் சொன்னாங்க, ஆனா எதிர்வீட்டு மாமாவுக்கு அட்டெனோலால நிறுத்தவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்களாமே, ரெண்டுமே பிபி மாத்திரைதான?

வாலாஜா ஓடி டெக்னீஷியன்:
ரெண்டும் வேற தம்பி. அட்டெனோலால் மாதிரி பீட்டா பிளாக்கர (இதயத் துடிப்ப அடக்கி வெக்கற மாத்திரை) திடீர்னு விட்டா இதயம் எகிறும். அட்டைய அப்படியே கொண்டுபோய் மயக்க டாக்டர்கிட்ட காட்டு, எத போடணும் எத விடணும்னு அவங்க சொல்லட்டும்.