'கிளியர்டு' என்பது தீவிரமா, நிலையா?

இரவுப்பணி:
தொலைத்தொடர்புச் சாதனங்களின் பழுதுகளைக் காட்டும் அலாரம் மேலாண்மை மென்பொருள் எழுதுவோருக்கு வழிகாட்டுவதாகச் சொல்லி நிரலன் நேற்று இட்ட பதிவில், "அலாரம் கிளாஸில் (அலாரத்துக்கான நிரல் வார்ப்பில்) தீவிரத்துக்கு ஒரே ஒரு புலம் போதும், பழுது நீங்கியதும் அதில் கிளியர்டு (நீங்கியது) என்று எழுதிவிடுங்கள்" என்று இருந்ததைப் படித்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. கிரிட்டிகல் (மிகக் கடுமையானது) என்பதன் மேல் கிளியர்டு என்று எழுதிவிட்டால், அந்த அலாரம் கிரிட்டிகலாக இருந்தது என்பதே ஆப்ஜெக்ட்டிலிருந்து, அதாவது அந்த அலாரத்துக்காக நினைவில் இருக்கும் பதிவிலிருந்து, அழிந்துபோகிறது. காலையில் ஷிப்டு மாறும்போது, இரவில் எத்தனை கிரிட்டிகல் வந்து நீங்கின என்று கேட்டால் அந்தக் கிளாஸ் என்ன பதில் சொல்லும்? கிளியர்டு தீவிரம் அல்ல, நிலை.

நிரலன்:
சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு, அலாரம் அறிவிப்புகளுக்காக 1992இல் வெளியிட்ட எக்ஸ்.733 பரிந்துரையைத் திறந்து பாருங்கள். கிளியர்டு, இன்டிடர்மினேட், கிரிட்டிகல், மேஜர், மைனர், வார்னிங் எனத் தீவிரத்துக்கு ஆறு மதிப்புகள் அதில் உள்ளன. தரநிலையை வகுத்தவர்களைவிடத் தங்களுக்கு அதிகம் தெரியும் என்றால், ஐடியுவுக்கே எழுதுங்கள்.

இரவுப்பணி:
அந்த ஆறும் சாதனம் அனுப்பும் அறிவிப்பில் உள்ள புலத்துக்கானவை. அறிவிப்பு வந்த கணத்தோடு முடிந்துவிடும். அலாரமோ பழுது தோன்றியது முதல் நீங்கும்வரை நினைவில் வாழ வேண்டிய ஆப்ஜெக்ட். ஒரே சாதனப் பகுதி, ஒரே அலாரம் வகை, ஒரே சாத்தியக் காரணம் ஆகியவை பொருந்தும் அலாரங்களைத்தான் கிளியர் நீக்க வேண்டும் என்று அதே பரிந்துரை சொல்வதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் போர்ட் எண்ணை மட்டும் பார்த்து கிளியர் செய்யும் மென்பொருள் இருந்தது. ஒருநாள் இரவு 2 மணிக்கு 3ஆம் போர்ட்டில் சிக்னல் இழப்பு, வெப்பநிலை உயர்வு என இரண்டு சிவப்பு வரிகள் நின்றன. வெப்பம் தணிந்து கிளியர் வந்ததும் இரண்டு வரிகளுமே திரையிலிருந்து மறைந்துவிட்டன. சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் அறுத்த ஃபைபர் அறுந்தபடியே கிடந்தது. வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நிரலன்:
அது எந்த அலாரம் என்று அடையாளம் காட்டும் திறவுகோலைத் தவறாக வகுத்ததால் வந்த பிழை. தீவிரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சென்ற மாதம் வேர்க்காரண விவாதத்திலும் இப்படித்தான் ஒரு கதையைச் சொல்லி எல்லாரையும் திசைதிருப்பினீர்கள்.

கோபுரம்:
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். சாதனம் தானாக அனுப்பும் அறிவிப்பான எஸ்என்எம்பி ட்ராப், சேர்ந்ததா என்று உறுதிசெய்யாத யுடிபி வழியாக வருகிறது. வழியில் தொலைந்தால் அனுப்பிய சாதனத்துக்கே தெரியாது. கிளியர் வந்து சேராவிட்டால் என்ன செய்வதாக உத்தேசம்?

தென்றல்:
எக்ஸ்.733 சொல்லும் ஐந்து அலாரம் வகைகளுக்கும் நான் ஐந்து துணைக் கிளாஸ்கள் எழுதியிருக்கிறேன். ஆப்ஜெக்ட் முறை என்றால் அதுதான்.

இரவுப்பணி:
தென்றல், தகவல்தொடர்பு அலாரமும் சுற்றுச்சூழல் அலாரமும் ஒரே விதமாகத்தான் எழுகின்றன, ஒரே விதமாகத்தான் நீங்குகின்றன. நடத்தையில் வேறுபாடு இல்லாதபோது பெயருக்காகக் கிளாஸைப் பிரிப்பது வீண்வேலை. வேறுபாடு நிலையில்தான் இருக்கிறது. அலாரத்தைப் பார்த்துவிட்டதாகப் பணியாளர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே பழுது நீங்கலாம், ஒப்புக்கொண்ட பிறகும் நீங்காமல் இருக்கலாம் என்பதால் அவை இரண்டும் தனித்தனிப் புலங்கள். 2019இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8632, யாங் என்னும் தரவு மாதிரி மொழியில் தரும் அலார மாதிரியில், நீங்கியதா என்பதற்குத் தனிப் புலமும், அலாரத்தின் தீவிரத்துக்குக் கிளியர்டு இல்லாத ஐந்து மதிப்புகளும் இருக்கின்றன.

நிரலன்:
அதே ஆவணத்தில் கிளியரையும் சேர்த்த தீவிர வகை ஒன்று வரையறுக்கப்பட்டிருக்கிறதே, அதை ஏன் மறைத்தீர்கள்?

இரவுப்பணி:
நான் எதையும் மறைக்கவில்லை. அந்த வகை அறிவிப்பிலும் நிலைமாற்ற வரலாற்றிலும் வருகிறது. அலாரத்தின் நடப்புத் தீவிரத்தில் வருவதில்லை. நான் முதலிலிருந்து சொல்வதும் இதைத்தான்: கிளியர்டு நிலை, தீவிரம் அல்ல.

தென்றல்:
மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் என் நிரலை ஒரு வரிகூடப் பார்க்காமல் வீண்வேலை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நிரலன்:
ஆறு மதிப்புகள். கிளியர்டு அவற்றில் ஒன்று. என் கிளாஸை மாற்றப்போவதில்லை.

கோபுரம்:
தொலைந்த கிளியரைப் பற்றி இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. சாதனத்திடமே நடப்பு அலாரப் பட்டியலைக் கேட்டு ஒப்பிடும் மெத்தட் உங்கள் இருவரில் யார் கிளாஸில் இருக்கிறது?