‘ஃபிரான்ட்ஸ்’ படம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: உங்கள் வீட்டு சயாம் ரயில் கதை என்ன?

பீடோங் பேரன்:

மலேசியாவில் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பையன்கள் அவ்வப்போது புரொஜெக்டர் வைத்துப் படம் போடுவார்கள். பெரும்பாலும் ரஜினி படம்தான். இந்த முறை அடம்பிடித்து ‘ஃபிரான்ட்ஸ்’ போடவைத்தேன். பிரான்சுவா ஓசோன் எடுத்தது, 2016. கதை 1919இல், ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் நடக்கிறது. முதல் உலகப் போரில் மகன் ஃபிரான்ட்ஸை இழந்த டாக்டர் குடும்பம். மகனுக்கு நிச்சயித்திருந்த அன்னா அவன் கல்லறைக்குப் பூ வைக்கிறாள். உள்ளே உடல் இல்லை, அது பிரான்சு மண்ணில் கிடக்கிறது. ஒருநாள் அதே கல்லறையில் ஒரு பிரெஞ்சுக்காரன் வந்து அழுகிறான். நண்பன் என்கிறான்.

பாட்டிக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் பாரிசில் ஃபிரான்ட்ஸோடு சுற்றியதைப் பெற்றோரிடம் சொல்லும் காட்சி. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே பாட்டி, “இவன்தான்டா சுட்டிருப்பான்” என்றார். குட்டு உடைய இன்னும் நேரம் இருந்தது. எப்படித் தெரியும் என்றேன். “ரொம்ப அழகா சொல்றான்ல.”

அப்புறம் வீட்டில் விஷயம் வந்தது. பாட்டியின் அப்பாவை, இரண்டாம் உலகப் போரில் மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில், சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். சண்டை முடிந்து அதே லயத்துக்காரர் (தோட்டத்து வரிசை வீட்டுக்காரர்) ஒருவர் மட்டும் திரும்பினார். “காய்ச்சல்ல படுத்தாரு, கஞ்சி குடிச்சாரு, தூக்கத்துலயே போயிட்டாரு. விபூதி பூசி அடக்கம் பண்ணோம்” என்றாராம். பல வருடம் கழித்துக் கள்ளுக்கடையில் அவரே உளறிவிட்டார். வாந்திபேதி. மூங்கிலை அடுக்கி, யார் எவர் என்று பார்க்காமல் மொத்தமாக எரித்தார்கள்.

படத்தில் அன்னாவும் உண்மையைத் தெரிந்துகொண்டு பெரியவர்களிடம் மறைக்கிறாள். இளசுகள் எல்லாம் அது தப்பு என்றார்கள். பாட்டிமார் ஒருவர் விடாமல் அன்னா கட்சி.

சுங்கை பட்டாணி லாரிக்காரர்:

நான் பாதியில் தூங்கிவிட்டேன், அன்னா பிரான்சுக்குப் போனபிறகு படம் இழுக்கிறது. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தில் திடீரென்று கலர் வருவது அருமை. அவன் புளுகும் கதைக்கும் கலர் கொடுத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா? லோட் இறக்கப் போனபோது ஒருமுறை தாய்லாந்தில் அந்த ரயில் பாதை போன காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாக ஏறக்குறைய 7,000 கல்லறைகள், புல்லைக்கூட அளந்து வெட்டியிருக்கிறார்கள். நம் ஆள் ஒருவர் பெயர் இருக்குமா என்று வரிசை வரிசையாகப் பார்த்தேன். இல்லை.

கூலிம் டீச்சர்:

பெயர் எங்கே இருக்கும்? தண்டவாளம் 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். அந்த வருட மழையில்தான் காலரா முகாம் முகாமாகப் பரவியது. இறந்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல் என்று கணக்கு இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது மதிப்பீடுதான். பெயரெழுதி வைக்க யாரும் மெனக்கெடவில்லை.

படத்தில் ஃபிரான்ட்ஸின் அப்பா மதுக்கடையில் மற்ற அப்பாக்களைப் பார்த்து, பிள்ளைகளைச் சாக அனுப்பியது நாம்தானே என்று கேட்பார். எல்லாரும் புகழும் காட்சி. எனக்கு ஒட்டவில்லை. எங்கள் தாத்தாவை எந்த அப்பா அனுப்பினார்? தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள், லாரியில் ஏற்றினார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்குப் பொய் சொல்லக்கூட ஆள் வரவில்லை. பாட்டி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. அவர் போனபிறகுதான் தாத்தாவுக்குத் திதி கொடுக்கலாம் என்று அப்பா முடிவெடுத்தார். ஐயர் எந்தத் திதி என்றார், எங்களில் ஒருவருக்கும் பதில் இல்லை. மகாளய அமாவாசையில் கொடுத்துவிடுங்கள் என்றார். இன்றைக்கும் அப்படித்தான் கொடுக்கிறோம். பேரனே, கள்ளுக்கடை விஷயம் பாட்டியின் அம்மா காதுக்குப் போனதா?

பீடோங் பேரன்:

போகாமல் இருக்குமா டீச்சர், லயத்தில் எது மறைந்தது? ஆனால் அந்த ஆளிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி அவர் வீட்டுக்கு முறுக்கு மட்டும் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஏன் என்று பாட்டியிடம் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார்.