குஃபோர் காலன்: இறக்குமதியான பிளாஸ்டிக் கேன் ஒரு நாட்டின் அடையாளம் ஆகுமா?

கேள்வி

வணக்கம். கானாவின் தலைநகர் அக்ராவில் வாழும் செர்ஜ் அட்டுக்வெய் கிளாட்டி, மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கேன்களைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஓரங்களில் துளையிட்டுக் கம்பியால் தைத்து, சுவரை மறைக்கும் அளவுக்குப் பெரிய விரிப்புகளாக்குகிறார். அங்கே இந்தக் கேனைக் ‘காலன்’ (gallon) என்பார்கள்; அதை வைத்து இம்முறைக்கு ‘ஆஃப்ரோகாலனிசம்’ என்று அவரே பெயர் சூட்டியிருக்கிறார். படத்தில் தொலைவிலிருந்து பார்த்தால் பொன்னிற நெசவு போல இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால்தான் வெயிலில் வெளுத்த திட்டுகளும் கீறல்களும் தெரிகின்றன. சமையல் எண்ணெயை அடைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வந்திறங்கிய கேன், கானா மக்களின் அடையாளத்தைப் பேசும் பொருளாக எப்படி மாறியது?

மறுமொழி 1

அக்ரா மக்கள் அந்தக் கேனை அழைக்கும் பெயரிலிருந்து தொடங்கலாம். ஜான் குஃபோர் 2001 முதல் 2009 வரை அங்கே குடியரசுத் தலைவராக இருந்தார். அவர் காலத்துத் தண்ணீர்த் தட்டுப்பாட்டில், காலியான எண்ணெய்க் கேன்களைச் சுமந்துகொண்டு தண்ணீர் தேடி அலைந்த மக்கள், அவற்றைக் ‘குஃபோர் காலன்’ என்றே அழைக்கத் தொடங்கினார்கள். ஆட்சியாளரின் பெயரைத் தாங்கள் சுமக்கும் கேனுக்கு வைத்த அந்த நாளிலேயே அது அவர்களுடையதாகிவிட்டது என்பது என் கருத்து. அதனால்தான் ‘குப்பையிலிருந்து கலை’ என்று இதைச் சுருக்கிச் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை; கிளாட்டி கையில் எடுக்கும் ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த பிறகே அவரிடம் வந்து சேர்கிறது.

மறுமொழி 2

பெனின் நாட்டுக் கலைஞர் ரோமுவால் அசுமேயையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அவருடைய ‘லா பூஷ் து ருவா’ என்ற படைப்பில், பிளாஸ்டிக் கேன்களின் வாய்ப்பகுதியை வெட்டிச் செய்த 304 முகமூடிகள், அடிமைகளை ஏற்றிச் சென்ற ‘புரூக்ஸ்’ கப்பலின் வரைபடத்தில் மனிதர்கள் நெருக்கிக் கிடத்தப்பட்டிருப்பதைப் போலவே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பெனினில் இந்தக் கேன்கள் நைஜீரியாவிலிருந்து கடத்திவரும் பெட்ரோலைச் சுமப்பவை. கூடுதலாக நிரப்புவதற்காக அவற்றை நெருப்பில் காட்டி உப்பவைப்பார்கள். பக்கங்கள் மெலிந்து, ஒருநாள் வெடிக்கும்வரை உழைக்க வேண்டியதுதான். அந்தக் கேனை மனித முகமாக அவர் நிறுத்தும்போது, தனியாக விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2007இல் இப்படைப்பை வாங்கியது. ஐரோப்பிய நுகர்வின் எச்சம் ஐரோப்பாவுக்கே திரும்பிச் செல்வதும் இப்படைப்பின் பொருளில் ஒரு பகுதி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுமொழி 3

சென்னையில் லாரித் தண்ணீருக்காக வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடங்களோடு வளர்ந்தவள் நான். எங்கள் குடத்தின் கழுத்தில் அம்மா கட்டிய சிவப்புத் துணிதான் அது எங்களுடையது என்பதற்கு அடையாளம். ஆனால் குடத்தைத் தண்ணீருக்கென்றே வாங்கினோம்; குஃபோர் காலனோ எண்ணெய்க்காக வந்து, தட்டுப்பாட்டினால் தண்ணீருக்கு ஆனது. இந்த வேறுபாட்டை மறந்து, இரண்டும் ஒன்றே என்று நாம் உருகிவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பெயர் சூட்டியவர்கள் மக்களே என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. துண்டுகளைக் கிளாட்டி ஏன் கழுவிப் பளபளப்பாக்காமல் கீறலோடு தைக்கிறார் என்பது இப்போது விளங்குகிறது.