1995-இல் வந்ததெல்லாம்: உங்கள் கைக்கு எது, எப்படி வந்தது?

கடலூர்க்காரன்:
ஒரே வருஷத்தில் இவ்வளவா என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுவது 1995தான். ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசினார், நாட்டின் முதல் செல்போன் பேச்சு அது. இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 15 அன்று, அரசின் வெளிநாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே மாதம் 24ஆம் தேதி விண்டோஸ் 95. அக்டோபரில் முழு சூரிய கிரகணம், டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து. இப்படித் தேதி போட்டு எழுதுவதை யாரும் செய்துவிடலாம். இதில் எது உங்களிடம் வந்தது, வந்தபோது என்ன நடந்தது, அதைச் சொல்லுங்கள்.

என்னுடையதை முதலில் வைக்கிறேன். சென்னையில் ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராக இருந்தேன். வருஷக் கடைசியில் முதலாளி செல்போன் வாங்கினார். அப்போது நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு, நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போகும். மூன்று நிமிஷம் பேசினால் ஒரு சித்தாளின் அன்றைய கூலி காலி. அதனால் மணி அடித்ததும் எடுப்பார், "சைட்லதான் இருக்கேன், வை, பூத்துல இருந்து பேசுறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிக் கட் பண்ணுவார், ஆன்டெனாவை உள்ளே தள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு நடப்பார். பூத்துக்காரருக்கு அந்த செல்போனால் வியாபாரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஃபிளாப்பி_மாமா:
கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். விண்டோஸ் 95 ஃபிளாப்பியில் வந்தபோது மொத்தம் 13 டிஸ்க். சி.டி.யிலும் வந்தது, ஆனால் எங்களிடம் சி.டி. டிரைவ் ஏது! சென்டர் உரிமையாளர் சென்னையில் யாரிடமோ அந்த 13-ஐயும் இரவல் வாங்கிவந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று திட்டம் போட்டார். முதல் டிஸ்க் காப்பி ஆனது. இரண்டாவதிலிருந்து ஒன்றும் நடக்கவில்லை. சாதாரண ஃபிளாப்பியில் 1.44 எம்.பி. கொள்ளும், மைக்ரோசாஃப்ட் மிச்ச டிஸ்க்குகளையெல்லாம் வேறொரு முறையில் 1.68 எம்.பி. வரை திணித்து அனுப்பியிருந்தது, வழக்கமான காப்பி கட்டளைக்கு அது பிடிபடாது. மனுஷர் விடிய விடியப் புது ஃபிளாப்பி டப்பாக்களைக் கிழித்துக்கொண்டே இருந்தார். காலையில் வேறு வழியில்லாமல் ஒரே ஒரு மெஷினில் மட்டும் நேரடியாக ஏற்றினோம். 4 எம்.பி. ரேம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மெனு விரிவதற்குள் அடுத்த பேட்ச் பசங்கள் வந்து நின்றுவிடுவார்கள். ஆனாலும் அந்த ஒரு மெஷினைப் பார்க்கவே அட்மிஷன் கூடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வானம்_பார்ப்பவன்:
அக்டோபர் 24 கிரகணத்துக்கு நாங்கள் நண்பர்கள் சிலர் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பிடித்து ஹௌரா, அங்கிருந்து சியால்தா போய் லோக்கல் ரயிலில் டயமண்ட் ஹார்பர். முழு கிரகணப் பாதை ராஜஸ்தானில் நீம் கா தானா வழியாக வந்து வங்காளத்தில் டயமண்ட் ஹார்பர் வழியாகக் கடலுக்குள் போனது. தமிழ்நாட்டில் பகுதி கிரகணம்தான். பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தில் சொல்ல முடியுமா தெரியவில்லை, முயற்சி செய்கிறேன். சூரியன் முக்கால்வாசி மறைந்த பிறகும் வெளிச்சம் சாதாரணமாகத்தான் இருந்தது, கொஞ்சம் வெளிறிப்போய், நிழல்கள் மட்டும் கத்தியால் வெட்டினாற்போல் கூர்மையாக. கடைசி சில விநாடிகளில் மொத்தமும் சரிந்தது. ஆற்றின் மேல் ஒரு இருட்டு வருவதைக் கண்ணால் பார்த்தோம், காற்று சில்லிட்டது, சுற்றி நின்ற வங்காளிப் பெண்கள் குலவையிட்டுச் சங்கு ஊதினார்கள். கரிய வட்டம், சுற்றிலும் வெள்ளையாகக் கரோனா என்கிற சூரியனின் வெளி ஒளிவட்டம், சூரியனுக்குக் கீழே பட்டப்பகலில் வெள்ளி கிரகம். ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். சூரியனின் முதல் ஒளிப்பொட்டு வைர மோதிரம் போல ஓரத்தில் மின்னியதும் கூட்டம் கைதட்டியது, ஏதோ கச்சேரி முடிந்தாற்போல. நம் விமானப்படை மிக்-25 ஒன்றை 80,000 அடி உயரத்தில் பறக்கவிட்டு அதே கிரகணத்தைப் படம் எடுத்தது என்று பிறகு பேப்பரில் படித்தேன், பொறாமையாக இருந்தது.

தஞ்சை_வாசகி:
நீங்கள் டயமண்ட் ஹார்பர் போனீர்கள் சார், எங்களைப் பாட்டி ஜன்னல் பக்கம்கூட விடவில்லை. கர்ப்பமாக இருந்த சித்தியை உள்ளறையில் உட்கார வைத்து, சமைத்த பாத்திரத்தில் எல்லாம் தர்ப்பை போட்டாயிற்று. ஆனால் தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பியதை அதே பாட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். டி.வி.க்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

அறிவியல்_வாத்தியார்:
அதற்கு ஒரு மாதம் முன்புதானே, செப்டம்பர் 21, பிள்ளையார் பால் குடித்தது. எங்கள் தெருக் கோயிலில் பால் தீர்ந்து வரிசை நின்றது. டெல்லியில் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து, ஸ்பூனிலிருந்து மேற்பரப்பு இழுவிசையால் இழுக்கப்பட்ட பால் சிலையின் மேலேயே மெல்லிய படலமாக வழிவதைக் காட்டினார்கள். நான் மறுநாள் வகுப்பில் பால் வைத்த ஸ்பூனைச் செங்கல்லில் தொடவைத்தேன், செங்கல்லும் குடித்தது. ஒரு பையன் எழுந்து, "அப்போ செங்கல்லிலும் சாமி இருக்கார் சார்" என்றான். அவனுக்கு நான் மார்க் குறைக்கவில்லை.

ஓய்வுபெற்ற_செவிலியர்:
நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். நாடு முழுக்க முதல் சுற்று போலியோ சொட்டு மருந்து 1995 டிசம்பர் 9, அடுத்தது 1996 ஜனவரி 20. அந்த முறை மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும். டிசம்பர் என்றால் எங்கள் பக்கம் மழை, சேறு. ஐஸ் பேக் அடுக்கிய தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வாய்க்கால் வரப்பில் போவோம், பெட்டியை அடிக்கடி திறந்தால் சூடு ஏறி மருந்து கெட்டுவிடும், திறக்காவிட்டால் வேலை நடக்காது. தாய்மார்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "போன மாசம்தானேம்மா ஊத்தினீங்க, இப்ப எதுக்கு மறுபடி?"

அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே குரல் கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் நாளில் போட்டுக்கொண்டால் அந்தப் பிள்ளைக்குப் பாதுகாப்பு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் போட்டுக்கொண்டால், சொட்டு மருந்தில் இருக்கிற வலுவிழந்த வைரஸ் எல்லார் குடலிலும் ஒரே நேரத்தில் இடம் பிடித்துக்கொள்ளும், ஊருக்குள் இயற்கையாகச் சுற்றி நோய் தருகிற ‘காட்டு’ வைரஸுக்குத் தங்க இடம் கிடைக்காது. இந்த யோசனையை எண்பதுகளிலேயே வேலூரில் செய்து காட்டியவர் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர் ஜேக்கப் ஜான். அதைக் கேட்டு நாடே செய்ய இத்தனை வருஷம் ஆனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. இந்தியாவின் கடைசிக் காட்டு வைரஸ் போலியோ 2011 ஜனவரியில் ஹௌராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

தஞ்சை_வாசகி:
அம்மா, நான் சொன்ன சித்தியின் குழந்தைக்கு நீங்கள் மாதிரி ஒருவர்தான் வீடு தேடி வந்து ஊற்றினார். கிரகணத்துக்கு உள்ளறையில் இருந்த அதே குழந்தை.

போஸ்_பக்தன்:
எல்லாரும் கைக்கு வந்ததைச் சொல்கிறீர்கள், கைக்கு எட்டாததையும் சொல்லலாமா? திருச்சியில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். 1924-இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார், அதிலிருந்து ஐன்ஸ்டைன் ஒரு கணிப்புக்குப் போனார்: போதுமான அளவு குளிர்ந்தால் அணுக்கள் தனித்தனி அடையாளத்தை இழந்து எல்லாம் ஒரே குவாண்டம் நிலைக்குள் போய்விடும். எழுபது வருஷம் அது தாளில் இருந்தது. 1995 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் எரிக் கார்னெலும் கார்ல் வைமனும் சுமார் 2,000 ருபீடியம் அணுக்களை அந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் லேசரால் வேகத்தைக் குறைத்து, அப்புறம் சூடான அணுக்களை மட்டும் தப்பவிட்டுக் குளிர வைப்பது. டபராவில் காபி ஆற்றும்போது ஆவி சூட்டைக் கொண்டுபோகிறதே, அதே வித்தை, ஆனால் இறங்கியது முழுப் பூஜ்யத்துக்கு, அதாவது அதற்குக் கீழே எதுவும் குளிர முடியாத வெப்பநிலைக்கு, மேல் ஒரு டிகிரியில் கோடியில் சில பங்குக்குள்.

எங்கள் பேராசிரியர் கல்லூரி திறந்ததும் வகுப்புக்கு வந்து, பாடப்புத்தகத்தில் "வாயுவில் இது இன்னும் நிகழ்த்திக் காட்டப்படவில்லை" என்ற வரியைப் பேனாவால் அடிக்கச் சொன்னார். அடித்தோம். தேர்வுக்கு வராது என்றும் அவரே சொன்னார், பாதிப் பேர் பேனாவை மூடிவிட்டார்கள்.

அக்டோபரில் இன்னொன்று. பிரான்ஸின் ஓட்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் மிஷேல் மயோரும் திதியே கெலோவும் நம் சூரியன் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றும் முதல் கோளைக் கண்டுபிடித்து அறிவித்தார்கள். வியாழன் அளவில் பாதி எடை, ஆனால் 4.2 நாளில் ஒரு சுற்று! நம் புதனுக்கே 88 நாள் ஆகிறது. பெரிய கோள் அவ்வளவு அருகில் இருக்கவே கூடாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். இவர்களுக்கு நோபல் 2019-இல், போல்டர்காரர்களுக்கு 2001-இல். போஸுக்குக் கடைசி வரை இல்லை. பிள்ளையார் பால் குடித்ததற்கு முதல் பக்கம், இதற்கெல்லாம் உள்ளே ஒரு மூலை.

சிங்கை_சீதா:
சிங்கப்பூரிலிருந்து ஒன்று. இங்கே நா. கோவிந்தசாமி என்ற எழுத்தாளர், ஆசிரியர், தமிழைக் கணினியில் ஏற்றுவதற்காகவே உழைத்தவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கு நான்கு மொழிகளில் ஓர் இணையத்தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார், அதில் தமிழ்ப் பக்கம் தமிழ் எழுத்திலேயே வந்தது, அவருடைய கணியன் எழுத்துருவோடு. அதற்கு முன் நாங்கள் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களில் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தைத் திறந்தால் முதலில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் எழுத்து வரும். வந்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கவிதையைப் படித்துவிட்டு ஓரிடத்தில் சந்தி பிழை என்றார்.

மோடம்_சத்தம்:
சென்னையில் வி.எஸ்.என்.எல். இணைப்பு வாங்கிய ஆரம்ப ஆட்களில் எங்கள் அலுவலகமும் ஒன்று. 9.6 கிலோபிட் வேகம், எழுத்து மட்டுமே வரும் ஷெல் கணக்கு, படம் கிடையாது. டிசம்பர் கடைசியில் ஹப்பிள் தொலைநோக்கியைச் சப்தரிஷி மண்டலத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்துப் பத்து நாள் நிறுத்தினார்கள், அதில் மூவாயிரம் வாக்கில் கேலக்ஸிகள் சிக்கின. அமெரிக்காவில் இருந்த என் தம்பி உற்சாகமாக "படம் வந்துவிட்டது, உடனே பார்" என்று மின்னஞ்சல் போட்டான். எங்கள் கருப்புத் திரையில் எப்படிப் பார்ப்பது? பதில் எழுதினேன். அவன் அதைக் கலரில் பிரின்ட் எடுத்து ஏர்மெயிலில் அனுப்பினான், மடிப்பு விழுந்த இடத்தில் சில கேலக்ஸிகள் போயிருந்தன. அதைத்தான் இணைய இணைப்புக்கான மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தோம்.