மறு: விழுப்புண் சின்னமா, காயமுற்றோர் சின்னமா?

குழுவினருக்கு வணக்கம். போரில் காயம்பட்ட ஜெர்மன் வீரர்களுக்குத் தந்த 'Wound Badge' என்ற சின்னத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> 'விழுப்புண் சின்னம்' என்றே வைத்துவிடலாம். குறளிலேயே இருக்கும் சொல், இதைவிட அழகாக அமையாது.

அழகில் எனக்கும் மயக்கம்தான் ஐயா. ஆனால் இந்த இடத்தில் அது பொய் சொல்லும். விழுப்புண் என்றால் முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண். முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமானைப் புறநானூறு பாடுகிறது. ஜெர்மன் சின்னமோ எந்தப் பக்கம் பட்டது என்று கேட்பதே இல்லை, எத்தனை முறை என்று மட்டும் எண்ணுகிறது. கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் 1918 மார்ச் 3 அன்று ஏற்படுத்திய முறைப்படி, ஒன்றிரண்டு முறை என்றால் கருப்பு, மூன்று நான்கு என்றால் வெள்ளி, ஐந்தும் மேலும் என்றால் பொன். கையோ காலோ ஒரு கண்ணோ போயிருந்தால் ஒரே காயத்துக்கு வெள்ளி. இரண்டாம் உலகப் போரில் பனியில் விரல் கருகியவர்களுக்கும் கொடுத்தார்கள். அதை விழுப்புண் என்றால் வள்ளுவர் ஒப்புவாரா? தவிர, 'விழு' என்பது சிறப்பு சேர்க்கும் அடை. ஹிட்லர் படையின் சின்னத்துக்கு அதை நாமே சூட்ட வேண்டாம்.

'காயப் பதக்கம்' என்ற யோசனையும் சரிப்படாது. பதக்கம் தொங்குவது. இது பின்பக்க ஊசியால் இடது மார்பில் குத்திக்கொள்வது. நீள்வட்ட மாலைக்குள் இரண்டு வாள், அவற்றின் மேல் எஃகுத் தலைக்கவசம். 1939-இல் கவசத்தின் மேல் ஸ்வஸ்திகா ஏறியது, மேற்கு ஜெர்மனியின் 1957 விருதுச் சட்டத்துக்குப் பின் வந்த வடிவத்தில் அது இல்லை.

அடையாளத் தகடு அணிந்த பழைய 'வில்லைச் சேவகன்' நினைவில் 'வில்லை'யைப் பிடித்துப் பார்த்தேன். காய வில்லை! சேர்த்து எழுதினால் கொடியில் போட்ட துணி இன்னும் காயவில்லை. விட்டுவிட்டேன்.

என் முன்மொழிவு: காயமுற்றோர் சின்னம். ஆங்கிலப் பெயரில் காயம் மட்டும்தான் நிற்கிறது. ஜெர்மன் மூலம் 'ஃபெர்வுண்டெட்டன்-அப்ட்சைக்கன்'. அதில் முதல் பாதி காயத்தைச் சொல்லவில்லை, காயம்பட்ட ஆட்களைச் சொல்கிறது. நாம் ஏன் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும்?

> கூட வரும் தாளுக்கு 'விருதுப் பட்டயம்'?

பட்டயம் என்றதும் செப்பேடு கண்ணுக்கு வருகிறது. உயர்ந்த விருதுகளுக்குத் தந்த 'உர்குண்ட' என்ற ஆவணத்துக்கு அதை வைத்துக்கொள்வோம். இந்தத் தாளின் பெயர் 'பெசிட்ஸ்-சொய்க்னிஸ்', உடைமைச் சான்று. தாலுகா ஆபீஸ் வாடை அடிக்கிறதே என்பீர்கள். அடிக்கட்டும், அது அலுவலகத் தாள்தான். அண்மையில் ஒன்றை உருப்பெருக்கியில் பார்த்தேன். பள்ளி நோட்டின் பக்கம் அளவுகூட இல்லை. அச்சடித்த படிவத்தில் பெயருக்கும் படைப்பிரிவுக்கும் கோடிட்ட இடம். 'மாலிகன்', அதாவது 'முறை', என்ற அச்சுக்கு முன்னால் ஒரு சிறு இடைவெளி. அதில் தட்டச்சுப் பொறி 'ஐன்', ஒன்று, என்று குத்தியிருந்தது, எழுத்து கோட்டுக்குச் சற்று மேலே ஏறி. கீழே வட்ட முத்திரை, ராணுவ மருத்துவமனை மருத்துவரின் கிறுக்கல் கையெழுத்து. சேகரிப்பவர்களுக்கு இந்தத் தாள்தான் உயிர். சின்னத்தில் ஆளின் பெயர் இருக்காது. தாளில் இருக்கும். அதையும் அவருடைய சம்பளப் புத்தகமான 'சோல்ட்பூக்'கில் உள்ள பதிவோடு ஒத்துப்பார்ப்பார்கள், தேதி உதைத்தால் போலி என்று சந்தேகப்படலாம்.

இன்னொன்று. 'வெள்ளிச் சின்னம்', 'பொற்சின்னம்' என்று எழுதாதீர்கள். உலோகம் வெள்ளியோ பொன்னோ அல்ல, மேற்பூச்சுதான் அந்த நிறம். போரின் பிற்பகுதியில் துத்தநாகத்தில் செய்தவற்றில் பூச்சே உதிர்ந்து, வெறும் சாம்பல் நிறமாகக் கிடக்கும். 'வெள்ளித் தரம்', 'பொன் தரம்' என்றால் குழப்பம் வராது. 'கருந்தரம்' எனக்கு உறுத்துகிறது, 'கருப்புத் தரம்' போதும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். 'உடைமை'க்கு வேறு சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளவும் தயார்.