புதுப்பிப்பு: மழைநீர் இறைக்கும் மோட்டார் டெண்டர் என்ன ஆச்சு?

வடகிழக்குப் பருவமழைக்கு டீசல் மோட்டார்களை ஆளோடு வாடகைக்கு எடுக்க எங்கள் ஊர் நகராட்சி டெண்டர் விட்டதையும், நான் போட்டதையும் போன மாதம் எழுதியிருந்தேன். கேட்டவர்களுக்காக மீதிக் கதை.

தகுதிச் சான்றுகள் வைக்கும் தொழில்நுட்பக் கவரிலேயே தள்ளிவிட்டார்கள். விலைக் கவரைத் திறக்கவே இல்லை. முன்வைப்புத் தொகை (டெண்டரோடு கட்டும் பிணைத் தொகை), ஜிஎஸ்டி எல்லாம் சரி. அனுபவச் சான்றில்தான் சறுக்கல். அரசு வேலையை முடித்த சான்று கேட்டிருந்தார்கள், நான் வைத்தது அபார்ட்மெண்ட் சங்கங்களின் கடிதங்கள். நிபந்தனை தெளிவாகவே இருந்தது. தவறு என்னுடையது.

ஆனால் ஒன்று மனதை அறுக்கிறது. கூப்பிட்டால் எத்தனை மணி நேரத்தில் மோட்டார் வந்து நிற்க வேண்டும் என்று ஒப்பந்த நிபந்தனைகளில் ஒரு வரிகூட இல்லை. வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் ராத்திரியில் அதுதானே உயிர்? இதை நகராட்சியில் எழுத்துபூர்வமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மேல்முறையீடு பற்றிக் கேட்டவர்களுக்கு: 1998-ம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் போகலாம். நான் போகவில்லை. சான்றுக்காகப் பக்கத்துப் பேரூராட்சியில் ஒரு சின்ன வேலை எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை இரண்டு மோட்டார் இறங்குகிறது.