லினக்ஸுக்கு மாறியாச்சு, இனி பிளான் கீற எந்த சாஃப்ட்வேர்?

ஹட்டன்_பென்சில்:
விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, நம்மகிட்ட இருக்கிற ரெண்டு மெஷினும் பழைய 6ஆவது ஜெனரேஷன் ப்ராசஸர், விண்டோஸ் 11 ஏறாது. புதுசு வாங்க இப்ப வசதியில்ல, லினக்ஸ் மின்ட் போட்டாச்சு, நல்லா ஓடுது. ஆனா லினக்ஸுக்கு ஆட்டோகேட் கிடையாதே. நம்ம வேலை தோட்டத்து 7 பேர்ச் காணியில வீட்டு பிளான்தான், சர்வேயர் தர்ற டிடபிள்யூஜி (ஆட்டோகேட் ஃபைல்) மேல கீறி பிரதேச சபைக்கு குடுக்கணும். எத பாவிக்கலாம்?

பதுளை_பொடியன்:
லிப்ரேகேட் போடுங்கண்ணே, யோசிக்கவே வேணாம். சல்லிக்காசு இல்ல, பழைய மெஷின்லயும் சட்டுனு திறக்கும், லேயர், பிளாக், ஹேட்ச், டைமென்ஷன் எல்லாம் இருக்கு, ஒரு வீட்டு பிளானுக்கு வேற என்ன வேணும்? கிராக் ஆட்டோகேட்ட பென்டிரைவ்ல கைமாத்திக்கிட்டு வைரஸோட மல்லுக்கட்டுனது போதும்.

நானுஓயா_பிளான்:
தம்பி, கிராக் வேணாங்கிறது சரி. மத்தது சரியில்ல. லிப்ரேகேட் டிடபிள்யூஜிய சிலதத்தான் திறக்கும், திருப்பி டிடபிள்யூஜியா சேவ் பண்ணவே பண்ணாது, டிஎக்ஸ்எஃப்ங்கிற பொது பரிமாற்ற ஃபைல் மட்டும்தான். பிரிண்ட் ஷீட்ட அடுக்குற பேப்பர் ஸ்பேஸும் இல்ல, சைட் பிளான் ஒரு ஸ்கேல், ஃப்ளோர் பிளான் ஒரு ஸ்கேல்னு ஒரே ஷீட்ல வைக்கிறது எவ்வளவு கரைச்சல்னு கீறிப் பாத்தவனுக்குத்தான் தெரியும். பிரிக்ஸ்கேட் லினக்ஸ்லயே நேரா ஓடுது, டிடபிள்யூஜிதான் அதோட சொந்த ஃபைல், கமாண்டும் கைக்குப் பழகினதுதான். பெரிய விஷயம் லிஸ்ப், சாஃப்ட்வேருக்குள்ளயே வேலைய தானா செய்யவைக்க எழுதுற ப்ரோகிராம். நான் பாவிக்கிற ஒரு குட்டி லிஸ்ப் இருக்கு, எல்லைக் கோட்ட கிளிக் பண்ணினா சதுர அடிப் பரப்ப 272.25ஆல வகுத்து பேர்ச்ச உள்ளேயே எழுதிரும், 7 பேர்ச்னா 1905.75 சதுர அடி. வரிசையா காணி பிரிக்கிற வேலைக்கு அது இல்லாம எப்படி? லிப்ரேகேட்ல லிஸ்ப்பே கிடையாது.

பதுளை_பொடியன்:
அந்த பேர்ச் கணக்க போன் கால்குலேட்டர்லயும் போடலாமே. பிரிக்ஸ்கேட் லைசன்ஸ் வெளிநாட்டு காசுல வருது, ரெண்டு மெஷினுக்கு ரெண்டு லைசன்ஸ் எடுக்கிற காசு இருந்தா அண்ணன் புது மெஷினே வாங்கியிருப்பாரு. ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டர் லினக்ஸுக்கும் சும்மா கிடைக்குது, டிடபிள்யூஜிய டிஎக்ஸ்எஃப் ஆக்கி வேலைய முடிச்சு திருப்பி மாத்தி அனுப்பலாம். ஒரு கம்பெனியோட ஃபைலுக்குள்ள நாம காலம் பூரா அடைஞ்சி கிடக்கணுமா?

நானுஓயா_பிளான்:
அடைஞ்சி கிடக்கிறது நாம மட்டுமில்ல தம்பி, சர்வேயரும் எஞ்சினியரும் அதுலதான் இருக்காங்க. ஒவ்வொரு தடவையும் மாத்தி மாத்தி அனுப்புறப்போ எங்கயாவது ஒரு டைமென்ஷன் ஸ்டைலோ எழுத்தோ மாறிச்சுன்னா யாரு பதில் சொல்றது? நம்ம பக்கம் மண்சரிவு அபாயம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் போகவேண்டிய பிளான், சரிவு வெட்டுற உயரமும் தடுப்புச் சுவரும் தப்பா தெரியவே கூடாது.

பண்டாரவளை_ஸ்கேல்:
நடுவுல கியூகேட் ப்ரொஃபெஷனல மறந்துட்டீங்க. டிடபிள்யூஜி திறக்கும், சேவ் பண்ணும், வருஷா வருஷம் வாடகை இல்ல. லிஸ்ப் இல்ல, ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதணும், அந்த பேர்ச் வேலைய அதுலயும் செய்யலாம். ஃப்ரீகேட் 2024 நவம்பர்ல 1.0 வந்திருச்சு, 3டிக்கு அருமை, ஆனா அவசரத்துக்கு ஒரு ஃப்ளோர் பிளான் கீற நான் அதத் திறக்க மாட்டேன். இன்னொன்னு, பாமினியில, அதான் யூனிகோட் இல்லாத பழைய தமிழ் ஃபொன்ட்ல, அடிச்ச பழைய பிளான் இருந்தா அந்த ஃபொன்ட்ட முதல்ல மின்ட்ல போடுங்க, இல்லாட்டி ‘சமையலறை’ இருக்கிற இடத்துல இங்கிலிஷ் எழுத்தா வந்து நிக்கும், எந்த சாஃப்ட்வேர்னாலும் இதே கதைதான்.

ஹட்டன்_பென்சில்:
பிரிக்ஸ்கேட் 30 நாள் ட்ரையல எடுக்கிறேன், கியூகேட்டையும் பக்கத்துல போடுறேன். ஒரே சர்வே ஃபைல ரெண்டுலயும் திறந்து வீட்ட கீறி சர்வேயருக்கே திருப்பி அனுப்பி அவரோட ஆட்டோகேட்ல எப்படி தெரியுதுன்னு கேக்கணும். கியூகேட்ல சுத்தமா போச்சுன்னா காசு மிச்சம்.

பதுளை_பொடியன்:
அதே ஃபைல லிப்ரேகேட்லயும் ஒருக்கா கீறி அனுப்புங்கண்ணே, சர்வேயர் என்ன சொல்றாருன்னு நானும் பாக்கணும்.